புதிய இணையச் சேவையைச் சோதிப்பதும் அதில் குடியேறுவதும்: எல்லைக்கோட்டை எங்கே போடுகிறீர்கள்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். புதிதாக ஒரு மென்பொருளோ இணையச் சேவையோ வெளிவந்திருக்கிறது என்று தெரிந்தால், அன்றிரவே அதில் ஒரு கணக்கைத் தொடங்கி நான்கு பொத்தான்களையாவது அழுத்திப் பார்க்காமல் எனக்கு உறக்கம் வராது. குறிப்பெடுக்கும் செயலி, பணிப்பட்டியல், பிறகு படிப்பதற்காகக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் சேவை, பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் செய்தியோடை வாசிப்பான், அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவை ஒட்டி வரும் எழுத்துக் கருவிகள் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. சென்ற மாதம் என் கடவுச்சொல் பெட்டகத்தைத் திறந்து எண்ணியபோது 143 கணக்குகள் இருந்தன. அவற்றில் இன்றும் நான் திறந்து பார்ப்பவை பதினொன்றுதான்.

இதைத் தீங்கில்லாத பொழுதுபோக்காகவே எண்ணியிருந்தேன். அண்மையில் பட்ட அடிக்குப் பிறகுதான் இங்கே கேட்கத் தோன்றியது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு சிறிய குறிப்பேட்டுச் சேவையில், 'சும்மா பார்ப்போம்' என்று சேர்ந்தேன். எழுதும் பக்கம் அழகாக இருந்தது, தமிழ் எழுத்துரு கண்ணுக்கு இதமாக இருந்தது, வேகமும் குறைவில்லை. மூன்றாவது வாரத்தில் நான் சோதித்துப் பார்ப்பவனாக இல்லாமல் பயன்படுத்துபவனாக மாறியிருந்தேன். அந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. எட்டு மாதங்களில் ஏறத்தாழ அறுநூறு வாசிப்புக் குறிப்புகள் அங்கே சேர்ந்துவிட்டன. பிறகு, முப்பது நாட்களில் சேவையை மூடப்போவதாக ஓர் அறிவிப்பு வந்தது. அது விளம்பர மின்னஞ்சல்களோடு போய் விழுந்திருந்ததால் இருபத்தாறாம் நாளில்தான் என் கண்ணில் பட்டது.

ஏற்றுமதிப் பொத்தான் இருந்தது, வேலையும் செய்தது. கிடைத்த சுருக்கக் கோப்பை விரித்தால் உள்ளே எண்களையே பெயராகக் கொண்ட அறுநூறு எச்டிஎம்எல் (வலைப்பக்க வடிவ) கோப்புகள் இருந்தன. நான் பார்த்துப் பார்த்து இட்ட குறிச்சொற்கள் ஒன்றுகூட வரவில்லை. படங்கள் இருப்பதுபோல் தோன்றினாலும், அவை அந்தச் சேவையின் சேவையகத்தைச் சுட்டும் வெறும் முகவரிகளாகவே இருந்தன; ஐந்தாம் நாள் அவையும் மறைந்துபோயின.

என் கேள்வி இதுதான். புதியவற்றைச் சோதித்துப் பார்ப்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் இடையில் நீங்கள் எப்படிக் கோடு போடுகிறீர்கள்? வெளிவந்து எத்தனை காலம் கழித்து ஒரு சேவையிடம் உங்கள் சொந்தத் தரவை ஒப்படைக்கிறீர்கள்? முதல் நாளில் எதைப் பார்க்கிறீர்கள்?

மறுமொழி 1

காலக்கெடு எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. முன்வாசலைப் பார்ப்பதற்கு முன்னால் புறவாசலைப் பார்த்துவிடுவது மட்டும்தான் என் வழக்கம். உங்களுக்கு எட்டாவது மாதத்தில் தெரியவந்த குறைகள் அனைத்தும், முதல் நாளிலேயே அந்த ஏற்றுமதிப் பொத்தானை ஒருமுறை அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடியவை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள்; அது எதைத் தருகிறது என்று விரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இதற்காகவே என் கணினியில் 'சோதனைச் சரக்கு' என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். அதில் சொந்த விவரம் எதுவுமில்லாத பன்னிரண்டு குறிப்புகள் உள்ளன. புதிய சேவை எதுவானாலும் முதலில் இவைதான் உள்ளே போகும். அதே மணி நேரத்தில் இவற்றை வெளியே எடுத்து, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு மென்பொருளில் திறந்து பார்ப்பேன். தொடர்பைத் துண்டிப்பது முக்கியம். படங்கள் உண்மையிலேயே உடன் வந்திருக்கின்றனவா, அல்லது உங்களுக்கு நேர்ந்ததைப்போல முகவரிகள் மட்டும் வந்திருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று சில தனித் தொல்லைகள் இருப்பதால், குறிப்புகளை அதற்கேற்பத் தேர்ந்திருக்கிறேன். ஒரு குறிப்பின் தலைப்பு வேண்டுமென்றே மிக நீளமானது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை (சேமிப்பு அலகுகளை) எடுத்துக்கொள்கிறது. 'கொ' என்ற ஓர் எழுத்தே மெய்க்கும் உயிர்க்குறிக்குமாகச் சேர்த்து ஆறு பைட்டுகள். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள கோப்பு முறைமைகளில் கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்ட முடியாது என்பதால், தலைப்பையே கோப்புப் பெயராக வைத்து ஏற்றுமதி செய்யும் சேவைகளில், ஆங்கிலத் தலைப்புக்கு வராத சிக்கல் தமிழ்த் தலைப்புக்கு வந்துவிடுகிறது. ஒருமுறை பன்னிரண்டு குறிப்புகளில் பதினொன்றுதான் வெளியே வந்தன. விடுபட்டது இந்த நீளத் தலைப்புக்காரர்; பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட இல்லை. எண்ணிப் பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது.

இன்னொரு குறிப்பில் 'கொடி' என்ற சொல்லை இரண்டு விதமாகச் சேமித்திருக்கிறேன். ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் பொதுத்தரமான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். இரண்டையும் சமமாகக் கருத வேண்டும் என்பது யூனிகோடின் விதி. திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடும்போது அவற்றில் ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் சேவைகள் இன்னமும் வருகின்றன. அறுநூறு குறிப்புகள் சேர்ந்த பிறகு, எழுதியது நன்றாக நினைவிருந்தும் தேடினால் கிடைக்காத நிலை எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடிஎஃப் கோப்பாக எடுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். திரையில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ், பிடிஎஃபில் கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாகச் சிதறி நிற்பது இன்றும் நடக்கிறது. உலாவி எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையைச் செய்துவிடுகிறது. சேவையகத்தில் பிடிஎஃப் உருவாக்கும் நிரல் பல நேரம் அதைச் செய்வதில்லை. அட்டவணைத் தரவுக்கான சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்து, குப்பையாகத் தெரிகிறதே என்று பயந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஏற்றுமதியின் பிழையாக இருப்பதில்லை. தரவை உள்ளிடும் வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, கணக்கை அழிக்கும் பொத்தானையும் அன்றே அழுத்திவிடுவேன். சேவை பிடித்திருந்தாலும் அழிப்பேன். மறுநாள் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாமே. அழிப்பதற்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கச் சொல்லும் இடங்களில் மறுபடி சேருவதில்லை. இவ்வளவுக்கும் நாற்பது நிமிடம் போதும்.

மறுமொழி 2

முந்தைய நண்பரின் முறை நன்று. ஆனால் அது அந்தச் சேவை இன்று எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். இன்று நன்றாக வேலை செய்யும் ஏற்றுமதி, ஓராண்டு கழித்து, நிறுவனம் கைமாறிய பிறகு அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. மென்பொருள் உருவாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்: ஏற்றுமதி வசதியை யாரும் நாள்தோறும் பயன்படுத்துவதில்லை என்பதால், அது பழுதானாலும் உருவாக்கியவர்களுக்கே தெரிவதில்லை. ஆகவே நான் ஏற்றுமதியை நாட்காட்டியில் குறித்து மாதம் ஒருமுறை செய்கிறேன்.

வெளிவந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதைவிட, 'பீட்டா' (சோதனைப் பதிப்பு) என்ற முத்திரை இருக்கிறதா என்பதைவிட, அந்தச் சேவைக்குச் சோறு போடுவது யார் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். முத்திரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று, அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமான சேவையாக வெளிவந்தது. அழைப்பில்லாமல் எல்லோரும் சேரலாம் என்ற நிலை 2007-இல்தான் வந்தது. பீட்டா என்ற சொல்லோ 2009 ஜூலை வரை அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் 'சோதனை'யில் இருந்த ஒன்றைக் கோடிக்கணக்கானவர்கள் அன்றாடம் நம்பினார்கள், அது இன்றும் இருக்கிறது. மறுபுறம், முத்திரை எதுவுமின்றிப் பல ஆண்டுகள் ஓடிய கூகுள் ரீடர் என்ற செய்தியோடை வாசிப்பான் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது.

பெரிய நிறுவனம் என்பதும் காப்பாற்றாது. பெரிய நிறுவனத்திடம் விற்கப்படுவது சில நேரம் முடிவின் தொடக்கமாகவே இருக்கிறது. மெயில்பாக்ஸ் என்ற மின்னஞ்சல் செயலி 2013-இல் வந்தபோது, வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணைக் காட்டியபடி இலட்சக்கணக்கானவர்களைக் காக்கவைத்தது. நானும் நாட்கணக்கில் அந்த எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். அதே ஆண்டில் டிராப்பாக்ஸ் அதை வாங்கியது; 2016 பிப்ரவரியில் மூடியது. வுண்டர்லிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020 மே மாதத்தில் மூடியது. அங்கே குறைந்தது, பட்டியல்களைத் தன் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ளும் வழியைத் தந்தார்கள்.

இவற்றில் ரீடர் மூடப்பட்ட விதம் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அதில் சந்தா செய்திருந்த செய்தியோடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவத்தில் எடுக்க முடிந்தது. வேறு வாசிப்பான்களும் அதே வடிவத்தை ஏற்றுக்கொண்டன. எனவே சேவை போனதே தவிர, சந்தாப் பட்டியல் போகவில்லை. நான் ஃபீட்லி என்ற வேறொரு வாசிப்பானுக்கு மாறியபோது ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்துவிட்டன. உங்கள் குறிப்பேட்டுச் சேவையும் ஏற்றுமதியைத் தந்ததுதான். ஆனால் அது தந்த எச்டிஎம்எல் கோப்புகளை எந்த மென்பொருளிலும் திறக்க முடிந்ததே தவிர, எந்த மென்பொருளும் அவற்றைக் குறிப்பேடாக அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆகவே நான் பார்ப்பது, ஏற்றுமதி செய்ததை உள்வாங்கிக்கொள்ள வேறொரு சேவை இன்று இருக்கிறதா என்பதைத்தான். குறிப்புகளுக்கு மார்க்டவுன், நாட்காட்டிக்கு ஐகேல், தொடர்புகளுக்கு விகார்டு என்று பொது வடிவங்கள் உள்ள துறைகளில் துணிந்து புதியதைச் சோதிக்கிறேன். அப்படிப்பட்ட வடிவம் இல்லாத துறைகளில், படம் வரையும் பலகைகளைப் போல, இழந்தாலும் பரவாயில்லை என்பவற்றை மட்டுமே வைக்கிறேன்.

இன்னொரு சிறு கவனிப்பு. ஒரு கருவி எவ்வளவு புதுமையானது என்பதும், உங்களால் அதைச் சோதிக்க முடியுமா என்பதும் வேறு வேறு. கூகுள் வேவ் 2009 செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்கு அழைப்போடு திறக்கப்பட்டது. பலர் கூடி வேலை செய்வதற்கான கருவி அது. கூடி வேலை செய்ய வேண்டியவர்களுக்கோ அழைப்பு கிடைக்கவில்லை. உள்ளே நுழைந்து, யாருமில்லாத மன்றத்தில் தனியே உட்கார்ந்து, ஒன்றும் விளங்காமல் வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அதன் உருவாக்கத்தை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். குழுவுக்கான கருவி என்றால், இரண்டு மூன்று பேராவது சேர்ந்து வருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் இப்போதெல்லாம் நான் கணக்குத் தொடங்குகிறேன்.

மறுமொழி 3

எல்லோரும் தரவை வெளியே எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே நுழையும் நொடியில் நாம் எதைக் கொடுத்துவிட்டு நுழைகிறோம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாமா? 143 கணக்குகள் என்று படித்ததும், அவற்றில் எத்தனை 'கூகுள் கணக்கின் வழியே உள்நுழைக' என்ற பொத்தானால் தொடங்கப்பட்டவை என்பதுதான் என் மனத்தில் எழுந்த கேள்வி.

அந்தப் பொத்தானே தவறானதல்ல. கடவுச்சொல்லைப் புதிய சேவையிடம் கொடுக்காமல் இருப்பதற்காக உருவான ஏற்பாடு அது. ஆனால் அதைத் தொடர்ந்து வரும் திரையில், பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் மட்டும் கேட்கிறார்களா, அல்லது உங்கள் அஞ்சல்களைப் படிக்கவும், உங்கள் பெயரில் அனுப்பவும், உங்கள் கோப்புகள் அனைத்தையும் பார்க்கவும் அனுமதி கேட்கிறார்களா என்பதைப் படிக்காமல் நாம் ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம். 2017 மே 3 அன்று பரவிய மோசடியில் நடந்தது இதுவே. தெரிந்தவரிடமிருந்து ஓர் ஆவணத்தைப் பார்க்கும்படி அஞ்சல் வந்தது. சொடுக்கினால் கூகுளின் உண்மையான அனுமதித் திரையே தோன்றியது. அனுமதி கேட்ட செயலி மட்டும் 'கூகுள் டாக்ஸ்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட போலி. யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. ஒப்புதல் கொடுத்தவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே அஞ்சல் பறந்தது.

ஒரு சேவையைச் சோதித்துவிட்டு மறந்துவிட்டாலும், அதற்குக் கொடுத்த அனுமதி தானாக மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றினாலே எல்லா அனுமதியும் ரத்தாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் கணக்கின் அமைப்புகளில், வெளிச் செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளின் பட்டியல் இருக்கும். இன்றிரவே அதைத் திறந்து பாருங்கள்.

உலாவியில் கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் நீட்சிகள் இதைவிடக் கவலை தருபவை, ஏனென்றால் நீங்கள் நிறுவிய பிறகும் அவை மாறிக்கொண்டே இருக்கும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் நீட்சி பல ஆண்டுகள் நல்ல பெயரோடு இருந்தது. 2020-இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கு நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. நிறுவியவர்கள் செய்த பிழை எதுவுமில்லை. முதல் நாளில் எவ்வளவு சோதித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. அதனால் சோதனைக்கென்று உலாவியில் தனிச் சுயவிவரம் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் என் வங்கியோ அஞ்சலோ திறந்திருக்காது. கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருளாக இருந்தால், விண்டோஸின் தொழில்முறைப் பதிப்புகளில் உள்ள சாண்ட்பாக்ஸ் என்ற தனித்த சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்க்கலாம். சன்னலை மூடியதும் உள்ளே நடந்தது அனைத்தும் அழிந்துவிடும்.

முகவரியில் கூட்டல் குறி சேர்த்து ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பெயர் கொடுக்கும் உத்தியை ஜிமெயில் ஏற்கிறது என்பதால் பலர் பரிந்துரைப்பார்கள். எங்கிருந்து முகவரி கசிந்தது என்று கண்டுபிடிக்க ஓரளவு உதவும். ஆனால் கூட்டல் குறிக்குப் பின்னாலிருப்பதை வெட்டிவிட்டால் உண்மையான முகவரி வெளிப்பட்டுவிடும் என்பது அஞ்சல் அனுப்பித் தொல்லை தருபவர்களுக்கும் தெரியும். உண்மையான முகவரியை மறைத்து அஞ்சலை உங்களுக்குத் திருப்பிவிடும் ஃபயர்ஃபாக்ஸ் ரிலே போன்ற மாற்று முகவரிச் சேவை அதைவிட மேல். அந்த 143 கணக்குகளுக்கும் பயன்படுத்திய முகவரியை, இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இட்டுப் பாருங்கள். எந்தெந்தத் தரவுக் கசிவுகளில் அது அகப்பட்டிருக்கிறது என்று காட்டும்.

மறுமொழி 4

மேலே உள்ள எச்சரிக்கைகள் எல்லாம் சரிதான். ஆனால் எல்லோரும் இவ்வளவு கணக்குப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றால், புதிய சேவைகளில் தமிழ் ஒருபோதும் ஒழுங்காக வேலை செய்யாது. தொடக்கத்தில் இருக்கும் சிறு குழுவிடம் சொல்லும் குறை சில நாட்களில் சரிசெய்யப்படுவதையும், அதே குறையை அந்தச் சேவை பெரிதான பிறகு சொன்னால் ஆண்டுக்கணக்கில் கிடப்பதையும் நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

'தமிழ் சரியாகத் தெரியவில்லை' என்று எழுதினால் மட்டும் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. முதல் மறுமொழியில் சொன்ன 'கொடி'யின் இரண்டு வடிவங்களையும் அப்படியே ஒட்டி, இதைத் தேடினேன், இது வந்தது, இது வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரியில் எழுதி, உலாவியின் பெயரையும் பதிப்பையும் திரைப்பிடிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழ் ஓர் எழுத்தும் அறியாத நிரலாளரால் அதைத் தன் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடிய வேண்டும். பார்த்துவிட்டால் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். அந்த அஞ்சலுக்கு மறுமொழி வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்பதும் அந்தச் சேவையைப் பற்றி நிறையச் சொல்லும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. மூன்று நாட்களாக இதே வேலையாக இருந்தேன். சோதனைச் சரக்கு ஒன்றை நானும் உருவாக்கி, கண்வைத்திருந்த இரண்டு புதிய குறிப்பேட்டுச் சேவைகளில் இட்டுப் பார்த்தேன். முதலாவதில் 'கொடி'யைத் தேடினால் ஒன்றுதான் கிடைத்தது, நீளத் தலைப்பு ஏற்றுமதியில் பாதியில் வெட்டுப்பட்டது, படங்கள் வந்தன. இரண்டாவதன் தோற்றம் எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் பன்னிரண்டும் மார்க்டவுன் கோப்புகளாகக் குறிச்சொற்களோடு வெளியே வந்தன, படங்கள் தனிக் கோப்புறையில் இருந்தன, தொடர்பைத் துண்டித்த பிறகும் திறந்தன. முதலாவதுக்குத் தேடல் பிழையைப் பற்றி நண்பர் சொன்னபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

வெளிச் செயலிகளின் பட்டியலையும் திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டு இருந்தன. என் அஞ்சல்களைப் படிக்கும் அனுமதியோடு அதில் மூன்று. அவற்றில் ஒன்றின் வலைத்தளமே இப்போது இல்லை. அனைத்தையும் நீக்கிவிட்டேன்.

பழைய கணக்குகளை நாளொன்றுக்கு ஐந்து என்று அழித்து வருகிறேன். அழிக்கும் பொத்தானே இல்லாத இடங்களில் என்ன செய்வது என்பது மட்டும் புரியவில்லை.

மறுமொழி 1 எழுதியவர் மீண்டும்

முதலில் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் உள்ள முகவரிக்கு, கணக்கையும் தரவையும் அழிக்குமாறு எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, இத்தகைய வேண்டுகோளுக்கென்று ஒரு வழியைப் பல சேவைகள் எல்லா நாட்டவருக்குமே வைத்திருக்கின்றன. விடை வராவிட்டால், உள்ளே இருக்கும் உள்ளடக்கத்தை நீங்களே நீக்கிவிட்டு, பெயரை மாற்றி, மின்னஞ்சலை ஒரு மாற்று முகவரிக்கு மாற்றி, வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் ஒன்றை இட்டுவிட்டு வெளியேறுங்கள். மின்னஞ்சலை மாற்றும்போது, உறுதிப்படுத்தும் அஞ்சல் புதிய முகவரிக்கு வந்து அதைச் சொடுக்கும் வரை மாற்று முகவரியை முடக்கிவிட வேண்டாம். அவசரத்தில் முடக்கிவிட்டு, ஒரு கணக்கில் இன்றுவரை பழைய முகவரியோடு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.